டாம்கேட் சர்வரைக் கண்காணிக்க எதைப் போடுவது?

மூன்று மாதம் தொடர்ந்து, 5-ஆம் தேதி காலை 11 மணிவாக்கில் எங்கள் அப்ளிகேஷன் திணறியது. கட்டணம் வசூலிக்கும் ஒரு வெப் அப்ளிகேஷன் அது. ஜாவா அப்ளிகேஷன்களை ஓட்டும் டாம்கேட் சர்வரில் ஓடியது, பின்னால் போஸ்ட்கிரெஸ் டேட்டாபேஸ். பக்கம் திறக்க அரை நிமிடம் சுற்றும், அப்புறம் பிழைச் செய்தி வரும். டாம்கேட்டை நிறுத்தித் திரும்ப ஓட்டுவோம். கொஞ்ச நேரம் நன்றாக இருக்கும், மறுபடி திணறும், மதியச் சாப்பாட்டுக்குள் தானாகவே சரியாகிவிடும்.

கண்காணிப்பே இல்லாமல் இல்லை. சிபியு, மெமரி, டிஸ்க் மூன்றுக்கும் வரைபடம் இருந்தது. டாம்கேட்டின் போர்ட் திறந்திருக்கிறதா என்று நிமிடத்துக்கு ஒருமுறை பார்க்கும் சோதனையும் இருந்தது. அந்த நேரத்தில் சிபியு 20 சதவீதம், மெமரி தாராளம், போர்ட் திறந்தே இருந்தது. திரை முழுக்கப் பச்சை. தொலைபேசியில் மட்டும் புகார் குவிந்துகொண்டிருந்தது.

நான்காவது மாதம், நிறுத்துவதற்கு முன்னால், ஒவ்வொரு த்ரெட்டும் (ஒரு ரிக்வெஸ்டைக் கவனிக்கும் வேலையாள்) எந்த வரியில் நிற்கிறது என்று காட்டும் த்ரெட் டம்ப் ஒன்றை எடுத்துப் பார்த்தோம். ஜாவா நிரலாளர் தொகுப்பான ஜேடிகேவோடு வரும் ஜேசிஎம்டி கருவியில் ஒரே ஒரு கட்டளை. 200 த்ரெட்டில் பெரும்பாலானவை ஒரே வரியில் நின்றிருந்தன: டேட்டாபேஸ் கனெக்ஷன் கேட்டுக் காத்திருக்கும் வரி. டேட்டாபேஸ் கனெக்ஷன்களைத் திறந்து வைத்துப் பகிர்ந்து கொடுக்கும் ஹிகாரி பூலில் இருந்தது 10 கனெக்ஷன். யாரும் மாற்றாததால் அதன் இயல்பு அளவிலேயே இருந்தது. அந்தப் பத்தும் ஒரே அறிக்கைக்குள் மாட்டியிருந்தன. மாதக் கணக்கை முடிக்கும் கணக்குப் பிரிவினர் அன்று காலை ஒரு பெரிய அறிக்கையை எடுப்பார்கள். அது வர ஒன்றரை நிமிடம் ஆகும். வரவில்லையே என்று திரும்பத் திரும்ப அழுத்துவார்கள். ஒவ்வொரு அழுத்தமும் ஒரு கனெக்ஷனைப் பிடித்துக்கொள்ளும். மற்ற எல்லோரும் 30 செகண்ட் காத்திருந்து பிழை வாங்கிக்கொண்டு போவார்கள். அந்த 30 செகண்டும் ஹிகாரியின் இயல்பு அளவுதான்.

ஜாவா அப்ளிகேஷன் சர்வருக்குக் கண்காணிப்பு போட நினைப்பவர்களுக்குத்தான் இந்தக் கட்டுரை. ஒவ்வொரு கருவியிடமும் நான் கேட்கப்போவது ஒரே கேள்வி: அந்த 5-ஆம் தேதியை இது காட்டிக்கொடுத்திருக்குமா? உதாரணங்கள் டாம்கேட்டிலிருந்து வருகின்றன. வைல்ட்ஃபிளை, ஜெட்டி வைத்திருப்பவர்களுக்கும் கணக்கு பெரிதாக மாறாது.

எப்போது, எதனால்

கண்காணிப்புக் கருவிகள் இரண்டு வெவ்வேறு கேள்விகளுக்குப் பதில் சொல்கின்றன. எப்போதிலிருந்து, எவ்வளவு மோசம் என்பது ஒன்று. எதனால் என்பது இன்னொன்று. முதல் கேள்விக்கு எண்களைச் சேர்த்துவைத்து வரைபடம் போடும் கருவி வேண்டும். இரண்டாவதற்கு, அந்த நேரத்தில் த்ரெட்டுகள் எந்த வரியில் நின்றன, எந்த எஸ்க்யூஎல் (டேட்டாபேஸ் வினவல்) ஓடியது என்று பதிந்துவைக்கும் கருவி வேண்டும். ஒன்றை மட்டும் போட்டுவிட்டு வேலை முடிந்தது என்று நினைப்பதுதான் நான் அதிகம் பார்த்த தவறு. எங்கள் தவறு அதைவிட ஒரு படி கீழே. எண்களைச் சேர்த்தோம், ஆனால் தவறான எண்களை.

டாம்கேட்டில் எந்த எண்கள் முக்கியம்? வேலையில் இருக்கும் த்ரெட் எத்தனை, பூலில் பிடிபட்ட கனெக்ஷன் எத்தனை, கனெக்ஷனுக்காகக் காத்திருப்பவை எத்தனை, ரிக்வெஸ்ட் எண்ணிக்கை, பிழை எண்ணிக்கை, பதில் நேரம். இதில் த்ரெட் கணக்கைப் புரிந்துகொள்வது எல்லாவற்றையும்விட முக்கியம். டாம்கேட்டின் இயல்பு உச்சம் 200 த்ரெட். ஒரு ரிக்வெஸ்டுக்கு அரை செகண்ட் ஆனால் செகண்டுக்கு 400 ரிக்வெஸ்ட் தாங்கும். அதே ரிக்வெஸ்ட் 5 செகண்ட் எடுக்க ஆரம்பித்தால் 40 தான். ஜான் லிட்டில் 1961-இல் நிரூபித்துக் காட்டிய வரிசை விதி இது. ரேஷன் கடையில் பில் போடுபவர் ஆளுக்குப் பத்து மடங்கு நேரம் எடுத்தால் வரிசை தெருவுக்கு வருவதைப் போலத்தான். சிபியு அப்போதும் சும்மாவே இருக்கும், ஏனென்றால் எல்லோரும் காத்திருக்கிறார்கள், யாரும் வேலை செய்யவில்லை. போர்ட் சோதனை பச்சை காட்டியதற்கும் இதே மாதிரி ஒரு காரணம் உண்டு. த்ரெட் எல்லாம் மாட்டிக்கொண்டாலும் டாம்கேட் ஆயிரக்கணக்கான இணைப்புகளை வாங்கி வைத்துக்கொண்டே இருக்கும். அதன் இயல்பு உச்சம் 8192.

ஜாவா தன் பொருள்களை வைக்கும் மெமரியான ஹீப்பின் வரைபடத்தைப் பற்றியும் ஒரு வார்த்தை. புதிதாகக் கண்காணிப்பு போட்டவர்கள் முதல் வாரமே பயப்படுவது இதைப் பார்த்துத்தான். ஹீப் 90 சதவீதம் வரை ஏறும், பயனற்றதைத் துடைக்கும் ஜிசி ஓடும், சட்டென்று இறங்கும், மறுபடி ஏறும். ரம்பப் பல் போன்ற அந்த வடிவம் ஆரோக்கியமானது. ஏறிய உச்சத்துக்கு அலர்ட் வைத்தால் தினமும் பொய் அழைப்பு வரும். பார்க்க வேண்டியது, ஜிசி முடிந்தபின் மிஞ்சும் அளவு. அந்த அடிமட்டம் நாளுக்கு நாள் ஏறினால் எங்கோ கசிகிறது என்று பொருள். கூடவே ஜிசிக்காக நின்ற நேரத்தையும் பாருங்கள்.

ஏற்கனவே கையில் இருப்பவை

புதிதாக எதையும் வாங்குவதற்கும் நிறுவுவதற்கும் முன்னால், ஜாவாவும் டாம்கேட்டும் இலவசமாகக் கொடுப்பதைத் திறந்துவிடுங்கள். இதை ஒரு மாற்றுவழியாகக்கூட நான் எண்ணவில்லை. எந்த வழியைத் தேர்ந்தெடுத்தாலும் இது அடியில் இருக்க வேண்டும்.

டாம்கேட்டின் ஆக்சஸ் லாகில் ஒவ்வொரு ரிக்வெஸ்டும் எடுத்துக்கொண்ட நேரத்தையும் எழுதச் சொல்லலாம். வடிவமைப்பு வரியில் ஒரு குறியீடு சேர்த்தால் போதும். ஒரு எச்சரிக்கை: அதே குறியீடு டாம்கேட் 9-இல் மில்லி செகண்டில் எழுதும், 10-ஆம் வரிசையில் மைக்ரோ செகண்டுக்கு மாறிவிட்டது. பதிப்பு ஏற்றியபின் எல்லாம் ஆயிரம் மடங்கு மெதுவானது போலத் தெரிந்தால் காரணம் இதுதான். ஜிசி லாகைத் திறந்துவைப்பதற்கும் ஒரே வரி போதும், செலவு அற்பம். மெமரி தீர்ந்து விழும்போது ஹீப்பின் நகலை (ஹீப் டம்ப்) எழுதச் சொல்லும் அமைப்பையும் சேர்த்துவிடுங்கள். டம்ப் விழும் டிஸ்க்கில் ஹீப் அளவுக்காவது இடம் இருக்கட்டும். டாம்கேட்டுக்குள்ளேயே மாட்டிக்கொண்ட த்ரெட்டைக் கண்டுபிடித்து லாகில் எழுதும் ஒரு வால்வு (இடையில் செருகும் பகுதி) உண்டு. இயல்பாக 600 செகண்ட் தாண்டினால்தான் எழுதும். 60-க்கு இறக்கி வைத்தால் எங்கள் ஒன்றரை நிமிட அறிக்கை முதல் மாதமே அதில் மாட்டியிருக்கும்.

இவற்றில் தலையாயது ஜாவா ஃப்ளைட் ரெக்கார்டர். விமானத்தின் கறுப்புப் பெட்டி போல, ஜாவா நிரலை ஓட்டும் ஜேவிஎம்முக்குள்ளேயே உட்கார்ந்து நடப்பதையெல்லாம் பதிவது. ஜேராக்கிட் என்ற பழைய ஜேவிஎம்மில் பிறந்தது. ஆரக்கிள் கைக்கு வந்து பல ஆண்டுகள் உரிமம் வாங்கினால்தான் உற்பத்திச் சர்வரில் பயன்படுத்தலாம் என்ற நிலை இருந்தது. 2018-இல் ஜாவா 11 வந்தபோது திறமூல ஜாவாவான ஓப்பன்ஜேடிகேக்குள் திறந்துவிட்டார்கள். 2020-இல் ஜாவா 8-க்கும், அதன் 262-ஆம் புதுப்பிப்பில், பின்னோக்கிக் கொண்டுவந்தார்கள். ஆகவே இன்னும் ஜாவா 8-இல் இருப்பவர்களும் விலக்கில்லை. இயல்பு அமைப்பில் சுமை 1 சதவீதத்துக்குள் இருக்க வேண்டும் என்ற இலக்கோடு கட்டப்பட்டது அது. எப்போதும் ஓடவிடலாம், விடவும் வேண்டும்.

கடைசி 12 மணி நேரம் அல்லது 500 எம்பி, எது முதலில் தீர்கிறதோ அந்த அளவுக்கு வைத்துக்கொள்ளச் சொல்லி, ஜாவாவைத் தொடங்கும் வரியில் ஒரு அமைப்பாகச் சேர்த்துவிடலாம். பிரச்சினை வந்தால் ஜேசிஎம்டியில் ஒரு கட்டளை கொடுத்துப் பதிவைக் கோப்பாக எடுத்து, உங்கள் மடிக்கணினியில் மிஷன் கண்ட்ரோல் என்ற பார்வைக் கருவியில் திறக்கலாம். 20 மில்லி செகண்டுக்கு மேல் பூட்டுக்காக நின்ற த்ரெட், நெட்வொர்க்கில் பதிலுக்காக நின்ற த்ரெட், உறங்கிக் காத்த த்ரெட் எல்லாம் எந்த வரியில் நின்றன என்பதோடு வரும். எங்கள் 5-ஆம் தேதியை இது முழுசாகக் காட்டியிருக்கும். ஒரு பக்கம் ஹிகாரியின் வாசலில் நிற்கும் நூற்றுக்கணக்கான காத்திருப்புகள், மறு பக்கம் போஸ்ட்கிரெஸ் பதிலுக்காக ஒன்றரை நிமிடம் நிற்கும் பத்து த்ரெட்டுகள், அந்த அறிக்கையின் கிளாஸ் பெயரோடு.

அது செய்யாதது ஒன்றுதான்: நம்மை எழுப்பாது. யாராவது போய்க் கேட்டால்தான் சொல்லும். டாக்கர் கன்டெய்னரில் ஓட்டுபவர்களுக்கு இன்னொரு சிக்கல். இமேஜில் ஜாவாவை ஓட்டும் பகுதியான ஜேஆர்இ மட்டும் இருந்தால் ஜேசிஎம்டி இருக்காது. நெருக்கடி நேரத்தில் இதைக் கண்டுபிடிப்பது வேதனை. முன்னாலேயே ஜேடிகே இமேஜுக்கு மாறிவிடுங்கள்.

ஜேகன்சோல், விஷுவல்விஎம்

இவை, ஜாவா தன் உள் எண்களை வெளியே காட்டும் ஜேஎம்எக்ஸ் வழியாக உள்ளே எட்டிப்பார்க்கும் திரைகள். ஜேகன்சோல் ஜேடிகேவோடு வருகிறது. விஷுவல்விஎம்மும் முன்பு அப்படித்தான் வந்தது, ஜாவா 9 முதல் தனியாக இறக்கிக்கொள்ள வேண்டும். உங்கள் கணினியில் ஓடும் அப்ளிகேஷனைப் பார்க்க அருமையானவை. உற்பத்திச் சர்வருக்கு இவற்றைக் கண்காணிப்பு என்று சொல்ல மாட்டேன். திரையை மூடினால் வரலாறு போய்விடும், அலர்ட் கிடையாது. தூரத்துச் சர்வரோடு இணைக்கவும் படாத பாடு. ஜேஎம்எக்ஸ் தூரத்திலிருந்து பேசப் பயன்படுத்தும் ஆர்எம்ஐக்கு இரண்டாவதாக ஒரு போர்ட் வேண்டும். அதை நிலையாக அமைக்காவிட்டால் ஒவ்வொரு முறையும் ஏதோ ஒரு எண்ணை எடுத்துக்கொள்ளும், ஃபயர்வால் தடுக்கும்.

இந்தத் தொல்லை தாங்காமல், கடவுச்சொல் தேவையில்லை என்று அமைத்து ஜேஎம்எக்ஸ் போர்ட்டைத் திறந்துவிடுகிறவர்கள் உண்டு. தயவுசெய்து அதைச் செய்யாதீர்கள். காவல் இல்லாத ஜேஎம்எக்ஸ் போர்ட் வழியாக வெளியாள் தன் சொந்த நிரலை உங்கள் சர்வரில் ஏற்றி ஓட்ட முடியும். எண்கள் கசிவதோடு நிற்காது, சர்வரே கைமாறிவிடும்.

ஒரு ஜார் (ஜாவா நிரல் கோப்பு) போட்டால் போதும்: கிளோரூட், ஜாவாமெலடி

ஒன்றிரண்டு சர்வர், அதைப் பார்த்துக்கொள்ள என்று தனியாக ஆள் இல்லை, நிரல் எழுதுபவரே எல்லாம். இப்படிப்பட்ட குழுக்கள்தான் அதிகம். அவர்களுக்கு நான் முதலில் சொல்வது கிளோரூட்.

ஜேவிஎம்மோடு சேர்ந்து ஏறி உள்ளிருந்து கவனிக்கும் ஜாவா ஏஜென்ட்டாக இணைத்து டாம்கேட்டைத் தொடங்கினால் முடிந்தது. தனி டேட்டாபேஸ் தேவையில்லை, தன் கோப்புறையிலேயே எழுதிக்கொள்ளும். அதே சர்வரில் 4000-ஆம் போர்ட்டில் திரை திறக்கும். எந்தப் பக்கம் எவ்வளவு நேரம் எடுக்கிறது, அதில் எஸ்க்யூஎல்லுக்குப் போனது எவ்வளவு என்று பிரித்துக் காட்டும். 2 செகண்ட் தாண்டிய ரிக்வெஸ்ட் ஒவ்வொன்றையும், அது ஓட்டிய எஸ்க்யூஎல்லோடும் த்ரெட் எங்கே நின்றது என்ற மாதிரிகளோடும் தனியாகப் பதிந்துவைக்கும். சராசரியோடு நிற்காமல், நூற்றில் 95 பேருக்கு எவ்வளவுக்குள் பதில் கிடைத்தது, 99 பேருக்கு எவ்வளவுக்குள் என்றும் காட்டும். எங்கள் பிரச்சினைக்கு இது ஒரே நாளில் விடை சொல்லியிருக்கும். அலர்ட்டும் மின்னஞ்சலில் அனுப்பும்.

குறைகளையும் சொல்ல வேண்டும். சர்வர் எத்தனையோ அத்தனை திரை. மூன்று நான்கு சர்வர் வந்துவிட்டால் தாவித் தாவிப் பார்க்க வேண்டியிருக்கும். எல்லாவற்றையும் ஒரே இடத்தில் சேர்க்க மையச் சேகரிப்பு வசதி உண்டு, ஆனால் அதற்குக் கசாண்ட்ரா என்ற தனி டேட்டாபேஸை நிறுவ வேண்டும். சின்னக் குழு அந்தச் சுமையை ஏற்பது நியாயமில்லை. இன்னொன்று, கண்காணிப்பு அதே ஜேவிஎம்முக்குள் வாழ்கிறது. ஜேவிஎம் இறந்தால் இறந்தது என்று சொல்லவும் ஆள் இருக்காது. ஆகவே வெளியிலிருந்து ஒரு உண்மையான பக்கத்தைத் திறந்து பார்க்கும் எளிய சோதனை ஒன்றைக் கூடவே வையுங்கள். ஏஜென்ட் உங்கள் ஜாவா பதிப்பைத் தாங்குகிறதா என்றும் பார்த்துக்கொள்ளுங்கள்.

ஜாவாமெலடி இன்னும் எளிது. அப்ளிகேஷனுக்குள் ஒரு ஜாரைச் சேர்த்தால் கண்காணிப்புக்கென்று ஒரு பக்கம் முளைக்கும். பிடிபட்ட டேட்டாபேஸ் (ஜேடிபிசி) கனெக்ஷன் எத்தனை என்ற வரைபடம் முதல் திரையிலேயே இருக்கும். எங்களுக்கு வேண்டியிருந்த எண்ணே அதுதான். ஆழம் கிளோரூட்டைவிடக் குறைவு. அந்தப் பக்கத்துக்குக் கடவுச்சொல் போட மறந்து இணையத்துக்கே திறந்து வைத்திருப்பவர்களை நான் பார்த்திருக்கிறேன். ஏஜென்ட் இணைக்க அனுமதியில்லாத ஹோஸ்டிங்கில் இருப்பவர்களுக்கு இதுவே வழி.

பிரோமிதியஸும் கிராஃபானாவும்

சர்வர் எண்ணிக்கை நான்கைந்தைத் தாண்டினால் பேச்சு இங்கே வந்துவிடும். பிரோமிதியஸ் 2012-இல் சவுண்ட்கிளவுட் நிறுவனத்துக்குள் தொடங்கியது. கிளவுட் நேட்டிவ் கம்ப்யூட்டிங் ஃபவுண்டேஷனில் குபர்நெட்டீஸுக்கு அடுத்து இரண்டாவதாகச் சேர்ந்தது. ஒவ்வொரு சர்வரிடமும் குறிப்பிட்ட இடைவெளியில் போய் எண்களை வாங்கி வந்து சேர்க்கும். கிராஃபானா வரைபடம் போடும். அலர்ட்மேனேஜர் நம்மை எழுப்பும்.

டாம்கேட்டிடமிருந்து எண்களை வாங்க இரண்டு வழி. அப்ளிகேஷன் நம் கையில் இல்லாவிட்டால் ஜேஎம்எக்ஸ் எக்ஸ்போர்ட்டர். இதை ஏஜென்ட்டாகவே போடுங்கள். உள்ளேயிருந்து படித்து எச்டிடிபியில் கொடுக்கும், மேலே சொன்ன ஆர்எம்ஐ போர்ட் தொல்லையே இல்லை. எல்லா எண்களையும் அள்ளச் சொல்லாமல், தேவையான பொருள்களை மட்டும் பட்டியலிடுங்கள். இல்லாவிட்டால் ஒவ்வொரு வாசிப்பும் கனக்கும். அப்ளிகேஷன் ஸ்பிரிங் பூட் என்ற ஜாவா சட்டகத்தில் எழுதியது என்றால், எண்களைச் சேகரிக்கும் மைக்ரோமீட்டர் நூலகம் வழியே நேரடியாக வாங்கலாம். ஹிகாரி பூலில் எத்தனை பேர் காத்திருக்கிறார்கள் என்ற எண் அதில் தானாகவே வரும். ஜேஎம்எக்ஸ் வழி போகிறவர்கள் ஹிகாரியின் அமைப்பில் ஜேஎம்எக்ஸ் பதிவைத் திறந்துவிட வேண்டும். இயல்பில் அது மூடியிருக்கும்.

இந்த இரண்டு வழிக்கும் நடுவே பெரிய வித்தியாசம் ஒன்று உண்டு. டாம்கேட் ஜேஎம்எக்ஸில் கொடுப்பது மொத்த ரிக்வெஸ்ட் எண்ணிக்கையும், மொத்தமாகச் செலவான நேரமும், அதுவரை பார்த்த உச்சமும்தான். ஒன்றை ஒன்றால் வகுத்தால் சராசரி கிடைக்கும், அவ்வளவே. ஆயிரம் பேருக்கு 100 மில்லி செகண்ட், பத்து பேருக்கு 30 செகண்ட் என்றால் சராசரி 400 மில்லி செகண்டுக்குப் பக்கத்தில் வரும். அந்தப் பத்து பேர் வரைபடத்தில் கரைந்துபோவார்கள். மைக்ரோமீட்டரில், பதில் நேரங்களை அளவு வாரியாக எண்ணிவைக்கும் ஹிஸ்டோகிராமைத் திறந்துவிட்டால் நூற்றில் 99 பேரின் நிலை தெரியும். நான்கு சர்வரின் எண்களையும் சரியாகக் கூட்டவும் முடியும். தனித்தனியாகக் கணக்கிட்ட 99-ஆம் சதமானங்களைக் கூட்டி நான்கால் வகுப்பது கணக்கே ஆகாது. இதைத் தெரியாமல் செய்த டாஷ்போர்டுகள் நிறைய உலவுகின்றன. ஸ்பிரிங் பூட் இல்லாதவர்கள் ஆக்சஸ் லாகிலிருந்து இதைக் கணக்கிடலாம்.

எங்கள் கதைக்கு வருகிறேன். பிரோமிதியஸ் இருந்திருந்தால், கனெக்ஷனுக்குக் காத்திருப்பவர்கள் பூஜ்யத்திலிருந்து நூற்றைத் தாண்டுவதையும், வேலையில் உள்ள த்ரெட் 200-ஐத் தொடுவதையும் ஒரே திரையில் பார்த்திருப்போம். பூல் நெரிகிறது என்று முதல் மாதமே தெரிந்திருக்கும். எந்த அறிக்கை, எந்த எஸ்க்யூஎல் என்பது தெரிந்திருக்காது. அதற்கு ஃப்ளைட் ரெக்கார்டரைத்தான் திறக்க வேண்டும். இரண்டும் சேர்ந்தால்தான் ஜோடி.

கவனிக்க வேண்டிய இயல்பு அமைப்பு ஒன்று: பிரோமிதியஸ் 15 நாள்தான் தரவை வைத்திருக்கும். எங்கள் பிரச்சினை மாதம் ஒருமுறை வந்தது. இந்த மாத 5-ஆம் தேதியைப் போன மாத 5-ஆம் தேதியோடு ஒப்பிடப் போனால் பழைய பக்கம் காலியாக இருந்திருக்கும். சம்பளம், வரி, கட்டணம் என்று மாதச் சுழற்சியில் ஓடும் அப்ளிகேஷன் என்றால் குறைந்தது 90 நாளாவது வையுங்கள். சில சர்வர்களுக்கு அது அதிக டிஸ்க் கேட்காது. எண்களோடு ஒட்டும் லேபிளில் பயனர் எண், ரசீது எண் போன்றவற்றைப் போட்டுவிடாதீர்கள். ஒவ்வொன்றும் ஒரு தனிக் கோடாகி மெமரியைத் தின்றுவிடும்.

இதன் உண்மையான விலை ஆள். மூன்று நான்கு மென்பொருளை நிறுவ வேண்டும், புதுப்பிக்க வேண்டும், வினவல் மொழியைக் கற்க வேண்டும். இணையத்தில் கிடைக்கும் டாஷ்போர்டை இறக்கிப் போட்டு, அதில் உள்ள 60 வரைபடத்தில் எதைப் பார்ப்பது என்று யாருக்கும் தெரியாமல் கிடக்கும் நிலையைப் பல இடங்களில் பார்த்தேன். ஆறே வரைபடத்தோடு கையால் கட்டியது மேல். குழுவில் ஒருவராவது இதைத் தன்னுடையதாக எடுத்துக்கொள்ளாவிட்டால் ஆறு மாதத்தில் தூசி படிந்துவிடும்.

ஜாபிக்ஸ் என்ற பொதுக் கண்காணிப்பு மென்பொருள் ஏற்கனவே ஓடும் அலுவலகங்களும் உண்டு. நெட்வொர்க், சர்வர் எல்லாம் அதில்தான் பார்க்கிறார்கள் என்றால் அதன் ஜாவா கேட்வே மூலம் டாம்கேட்டையும் அதிலேயே சேர்ப்பது நல்ல முடிவு. தயார் நிலையில் டாம்கேட் டெம்ப்ளேட்டும் இருக்கிறது. இரவு விழித்திருக்கும் ஆட்கள் ஏற்கனவே பார்த்துக்கொண்டிருக்கும் திரையில் ஒரு வரி சேர்வது, யாரும் பார்க்காத புதிய திரையைவிட உபயோகமானது.

ஓப்பன்டெலிமெட்ரி

ஒரு ரிக்வெஸ்ட் நான்கைந்து சேவைகளைத் தாண்டிப் போகிறது என்றால் இது தேவை. அந்தப் பயணத்தின் எந்தக் கட்டத்தில் நேரம் போனது என்று ஒரே கோட்டில் காட்டும். 2019-இல் இரண்டு திட்டங்கள் இணைந்து உருவானது, இன்று பெரிய நிறுவனங்கள் எல்லாமே ஏற்றுக்கொண்ட பொது வடிவம். ஆனால் இது சேகரித்து அனுப்பும் பகுதி மட்டும்தான். சேர்த்துவைத்துக் காட்ட யேகர், டெம்போ போன்ற ஒன்று தனியாக வேண்டும். ஒரே டாம்கேட், ஒரே டேட்டாபேஸ் என்று இருப்பவர்கள் இதில் தொடங்க வேண்டாம். எங்கள் பிரச்சினையை இதில் பார்த்திருந்தால், உள்ளே ஒரு எஸ்க்யூஎல்லும் இல்லாத 30 செகண்ட் வெற்றுக் கோடுகள் தெரிந்திருக்கும். கனெக்ஷன் வாங்கும் நேரத்தைத் தனியாகக் காட்டும் பகுதி அதன் ஜாவா ஏஜென்ட்டில் இயல்பாக மூடியிருக்கிறது.

காசு கொடுத்து வாங்குபவை

நியூ ரெலிக், டைனாட்ரேஸ், ஆப்டைனமிக்ஸ், டேட்டாடாக். நான்குமே திறமையானவை. ஏஜென்ட் போட்ட கால் மணி நேரத்தில் பக்கங்கள், எஸ்க்யூஎல், பிழைகள் எல்லாம் திரையில் வந்துவிடும். அந்த 5-ஆம் தேதி காலை இவற்றில் எது இருந்திருந்தாலும் மதியத்துக்குள் காரணம் தெரிந்திருக்கும். எப்போது, எதனால் என்ற இரண்டு கேள்விக்கும் ஒரே இடத்தில் பதில் கிடைப்பதற்குத்தான் இங்கே காசு.

விலைக் கணக்கை ஆழ்ந்து படியுங்கள். சிலர் சர்வர் எண்ணிக்கைக்கு வாங்குகிறார்கள், சிலர் அனுப்பும் தரவின் அளவுக்கும் திரையைப் பார்க்கும் ஆட்களின் எண்ணிக்கைக்கும். கூட்டம் கூடும் நாளில் சர்வரைப் பெருக்குகிறவர்களுக்கு முதல் முறை கனக்கும், லாகை அள்ளி அனுப்புகிறவர்களுக்கு இரண்டாவது முறை. இரண்டாவது விஷயம், தரவு எங்கே போகிறது என்பது. எஸ்க்யூஎல்லோடு அதன் மதிப்புகளும் பதிவானால் வாடிக்கையாளரின் தொலைபேசி எண்ணும் கணக்கு எண்ணும் வெளியே போகும். இந்தியாவில் 2023-இல் டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் வந்தபின் இதை ஏனோதானோ என்று விட முடியாது. மதிப்புகளை மறைக்கும் அமைப்பு எல்லாவற்றிலும் உண்டு, முதல் நாளே சரிபாருங்கள்.

தரவு வளாகத்தைவிட்டு வெளியே போகவே கூடாது, ஆனால் திறமூலக் கருவிகளைப் பராமரிக்க ஆளும் இல்லை என்ற நிலையில் உள்ள அலுவலகங்கள் மேனேஜ்எஞ்சினின் அப்ளிகேஷன்ஸ் மேனேஜரைப் பார்க்கலாம். சென்னையின் ஜோஹோ தயாரிப்பு. நம் சர்வரிலேயே நிறுவிக்கொள்ளலாம். டாம்கேட், ஜேபாஸ், வெப்லாஜிக், வெப்ஸ்பியர் எல்லாவற்றையும் பார்க்கும். அந்த நிறுவனம் 1996-இல் அட்வென்ட்நெட் என்ற பெயரில் தொடங்கியதே நெட்வொர்க் மேலாண்மை மென்பொருளில்தான். வெப்லாஜிக், வெப்ஸ்பியர் போன்ற பழைய சர்வர்கள் கலந்து ஓடும் இடங்களில் இப்படி எல்லாவற்றையும் ஒரு கூரையின் கீழ் பார்ப்பது பெரிய நிம்மதி.

நான் என்ன முடிவெடுப்பேன்

ஃப்ளைட் ரெக்கார்டர், ஜிசி லாக், நேரத்தோடு ஆக்சஸ் லாக். இவை எல்லா நிலையிலும் உண்டு, விவாதமே இல்லை.

அதற்கு மேல், மூன்று சர்வருக்குள் என்றால் கிளோரூட். அதற்கு மேல் போனால், பார்த்துக்கொள்ள ஒருவர் இருந்தால் பிரோமிதியஸ். ஆள் இல்லையென்றால் காசு கொடுத்து வாங்குவதே மலிவு, மாதச் சந்தாவைப் பார்த்து மலைக்காதீர்கள். அப்ளிகேஷன் வேறொருவர் எழுதிக் கொடுத்தது, நிரலைத் தொட முடியாது, ஆனால் மெதுவானால் பதில் சொல்ல வேண்டியது நாம் என்றால் கிளோரூட்டோ காசு கொடுத்து வாங்கியதோ, ஏஜென்ட் வகை ஏதாவது ஒன்று கட்டாயம். எந்த எஸ்க்யூஎல் என்று ஆதாரத்தோடு காட்டினால்தான் எழுதிக் கொடுத்தவர் நம்புவார். ஆனால் நிரலுக்குள் கை வைக்கும் இரண்டு ஏஜென்ட்டுகளை ஒரே ஜேவிஎம்மில் சேர்த்துப் போடாதீர்கள். ஒன்றோடொன்று மோதி, கண்காணிப்பே பிரச்சினையாகிவிடும்.

ஜாவா 21-க்குப் போய் டாம்கேட்டில், ஆயிரக்கணக்கில் உருவாக்கக்கூடிய இலகு த்ரெட்டுகளான விர்ச்சுவல் த்ரெட்டுகளைத் திறந்துவிட்டவர்களுக்கு ஒரு குறிப்பு. வேலையில் உள்ள த்ரெட் 200-ஐத் தொடுகிறதா என்ற வரைபடம் இனி பொருள்படாது. அங்கே நெரிசல் நேராகக் கனெக்ஷன் பூலில் வந்து நிற்கும். காத்திருப்போர் எண்ணிக்கையே முதல் வரைபடமாக இருக்கட்டும்.

நாங்கள் கடைசியில் பிரோமிதியஸ் போட்டோம், அப்போது சர்வர் ஆறாகியிருந்தது. ஃபோனை அடிக்கவைக்கும் அலர்ட் மூன்றே மூன்று: கனெக்ஷனுக்குக் காத்திருப்பு இரண்டு நிமிடம் பூஜ்யத்துக்கு இறங்காமல் இருந்தால், பிழைகள் நூற்றுக்கு ஒன்றைத் தாண்டினால், வெளியிலிருந்து பக்கம் திறக்காவிட்டால். மற்றவையெல்லாம் காலையில் பார்த்துக்கொள்ளும் மின்னஞ்சல். முதல் அலர்ட் அடித்த உடனே, யாரும் தொடாமலேயே ஃப்ளைட் ரெக்கார்டர் பதிவும் த்ரெட் டம்ப்பும் எடுத்து வைக்கும் சின்ன ஸ்கிரிப்ட் ஒன்றையும் கட்டினோம். பதற்றத்தில் முதலில் கை போவது டாம்கேட்டை நிறுத்தத்தான், நிறுத்தினால் தடயம் போய்விடும்.

நீங்கள் எதைப் போட்டாலும், போட்ட அன்றே சோதனைச் சர்வரில் இதைச் செய்து பாருங்கள். கனெக்ஷன் பூலை 2-ஆகக் குறையுங்கள். போஸ்ட்கிரெஸில் 90 செகண்ட் உறங்கும் ஒரு வினவலை ஓட்டும் பக்கத்தை மூன்று நான்கு தாவல்களில் திறங்கள். செயற்கைச் சுமை உண்டாக்கும் ஜேமீட்டரில் சாதாரணப் போக்குவரத்தை மூன்று நிமிடம் ஓடவிடுங்கள். கையில் கடிகாரத்தை வைத்துக்கொண்டு, ஃபோன் அடிக்க எத்தனை நிமிடம் ஆனது என்று குறித்துக்கொள்ளுங்கள். அதன்பின் இந்த ஏற்பாட்டைப் பற்றி ஒன்றுமே தெரியாத சக ஊழியர் ஒருவரைத் திரைக்கு முன் உட்காரவைத்து, எந்தப் பக்கத்தால் இது நடந்தது என்று கண்டுபிடிக்கச் சொல்லுங்கள்.